முழிப்புக் குளிசையும் ஒன்பதாம் கேள்வியும்

லொறி ஓட்டுவது ஆண்களின் தொழில் என்று சொல்பவர்கள் லொறிக்காரனைக் கட்டியிருக்கமாட்டார்கள். அவர் ஓட்டுவதோடு சரி. கிறீஸ் பிடித்த சாரத்தைத் தோய்ப்பது, டயர் கடைக்குத் தூது போவது, தொலைந்த பத்திரத்தைத் தேடுவது, போம் நிரப்புவது எல்லாம் நாங்கள். இதை வாசிக்கிற லொறிக்காரப் பெண்சாதிமார் இப்போதே தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். என் வீட்டில் இத்தனைக்கும் மேலே ஒரு மருந்துக் குளிசைப் போத்தலும் இருந்தது.

மீன்குழம்பின் மேல் விழுந்த பழி

கல்யாணமான புதிதில் இவர் சோற்றில் கைவைத்தபடியே நித்திரையாகிவிடுவார். என் சமையலுக்குக் கொடுக்கும் மார்க் அது என்று நினைத்து இரண்டு வருடம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் கிரானில் நெல் ஏற்றப் போன இடத்தில், காலை பத்து மணிக்கு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்கினார் என்று மூட்டை தூக்குகிறவர்கள் வந்து சொன்னபோதுதான் இவரை டொக்டரிடம் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன்.

கொழும்பில் ஒரு பெரிய டொக்டர் சோதித்துப் பார்த்து, இது சோம்பலில்லை, நித்திரை வருத்தம் என்றொரு நோய் என்றார். முழித்திருக்கக் காலையில் ஒரு குளிசை, மத்தியானம் ஒரு குளிசை. சீட்டில்லாமல் எந்த பாமசியிலும் தரமாட்டார்கள், வேறு ஆளுக்குக் கொடுக்கக்கூடாது, லொறி ஓட்ட மருத்துவச் சான்றிதழ் எடுக்கும்போது கட்டாயம் சொல்ல வேண்டும் என்று மூன்று விரலை மடக்கிச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் இவர் என் பக்கம் சரிந்து சொன்னது: "இனியாவது நம்பு புள்ள, உன்ட மீன்குழம்புல ஒரு பிழையும் இல்ல."

குளிசை எண்ணிய சிப்பாய்

அது சண்டை நடந்த காலம், மருந்து என்றாலே யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று ஆமி கேட்கும். டொக்டரின் கடிதத்தை லெமினேட் பண்ணி லொறிக்குள் தொங்கவிட்டிருந்தேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் போத்தலைக் கவிழ்த்துக் குளிசைகளை ஒவ்வொன்றாக எண்ணினானாம். இவருடைய சிங்களம் சீமெந்துக்கும் அரிசிக்கும் போதும், வருத்தத்துக்குப் போதாது. கண்ணை மூடிக் காட்டி, மறுகா குளிசையை விழுங்குகிற மாதிரிக் காட்டி, ஆந்தை மாதிரி முழித்துக் காட்டியிருக்கிறார்.

சிப்பாய் சிரிக்கவில்லை. கடிதத்தையும் போத்தலையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் யோசித்துக் கேட்டானாம்: "விடியக்காலையிலிருந்து இந்த வெயிலில் நிற்கிறது நான். எனக்கும் ஒன்று தாயேன்."

சட்டைப்பையில் கிடந்த சீனி வருத்தம்

கடல் வந்து கரையோரத்தை வழித்துக்கொண்டு போன பிறகு, கூரைத் தகடும் தண்ணீர்த் தாங்கியும் ஏற்ற வெளிநாட்டு நிறுவனங்கள் லொறி தேடி அலைந்தன. எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் ஆளே இல்லை. மிஞ்சினவர்களில் ஓட்டத் தெரிந்தவன் எல்லாம் ஓட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் மருத்துவச் சான்றிதழ் இல்லாத சாரதி வண்டியைத் தொடக்கூடாதென்று சட்டம் போட்டார்கள். போம் முழுக்க இங்கிலீஷ். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்று ஊருக்கே தெரியும். என் சாப்பாட்டு மேசை போம் நிரப்பும் கந்தோராகிவிட்டது.

ஒன்பதாம் கேள்வி: தொடர்ந்து ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா? வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். யோகன் என்றொரு சாரதி, சட்டைப்பையில் சீனி வருத்தக் குளிசை அட்டை எட்டிப்பார்க்க, தனக்கு ஒரு வருத்தமும் கிடையாது என்று சத்தியம் பண்ணினான். பொய் எழுதுவதென்றால் பேனையை நீயே பிடி என்று எழும்பிவிட்டேன். பத்து நிமிடம் முணுமுணுத்துவிட்டு மருந்தின் பெயரைச் சொன்னான். போகும்போது வாசலில் நின்று கேட்டான்: "அக்கா, இது வேலைக்கான போமா, சாமியாரிட்ட சொல்ற பாவசங்கீர்த்தனமா?"

ஃபாறூக்கின் நாடி

ஏறாவூர் ஃபாறூக் இவருடைய பழைய கூட்டாளி, அவனும் என் மேசையில் போம் நிரப்பின சாரதி. டொக்டருக்கு முன்னால் சோர்ந்துபோய் நிற்கக்கூடாது, ஆள் துடிப்பாகத் தெரிய வேண்டும் என்பது அவனுடைய கணக்கு. எனக்குத் தெரியாமல் இவரிடம் ஒரு முழிப்புக் குளிசை வாங்கி, கறுப்புக் கோப்பியோடு விழுங்கிவிட்டு மெடிக்கலுக்குப் போனான். சிப்பாய்க்குக் கொடுக்காத குளிசையைக் கூட்டாளிக்குக் கொடுத்திருக்கிறார் என் மகராசன்.

நாடி பிடித்த லேடி டொக்டர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தாராம். பிறஷரும் ஏறிக் கிடந்தது. உங்களைப் பார்த்த பயம் என்று இவன் சொல்ல, அந்தப் பயம் தெளியட்டும் என்று இரண்டு கிழமை தள்ளிவிட்டார். விஷயம் வெளிவந்ததும் இருவரையும் குந்த வைத்து, இது பெப்பர்மின்ட் இல்லை, ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தர் போட்டால் மையத்துத்தான், பிரேதம்தான் வீட்டுக்கு வரும் என்று குடலை உருவினேன். போத்தல் அன்றிலிருந்து என் அலுமாரியில். ஃபாறூக் தலையைச் சொறிந்தான்: "முழிப்பா இரிக்கோணும் எண்டுதான் போட்டன் அக்கா. இப்ப ரெண்டு கிழமையா கவலையில முழிச்சிக்கிட்டுத்தான் இரிக்கன்."

எங்கள் வீட்டுப் போம்

அந்தக் காலம் முழுக்க இவர் ஊர் ஆலைக்கு நெல் ஏற்றிக்கொண்டிருந்ததால் இவரிடம் யாரும் போம் கேட்கவில்லை. சண்டை முடிந்து பாதை திறந்து, பாசிக்குடாவில் ஹோட்டல் எழும்பத் தொடங்கியதும் கொழும்பிலிருந்து சாமான் ஏற்றும் ஒப்பந்தம் வந்தது. கூடவே வந்தது அதே போம், அதே ஒன்பதாம் கேள்வி. ஓம் என்று எழுதினால் கனரக லைசன்ஸே போய்விடலாம். லொறி நின்றால் எங்கள் அடுப்பும் நிற்கும். இவர் நீயே எழுது என்று முற்றத்துக்குப் போய்விட்டார். ஊரையெல்லாம் உண்மை பேச வைத்த நான், வடிவான கையெழுத்தில் இல்லை என்று எழுதினேன்.

மெடிக்கல் எடுக்கும் இடத்தில், ஆட்கள் குந்திக் காத்திருக்கும் வாங்கில் ஃபாறூக்கும் இருந்தான். பேச்சுக்கொடுத்தபடியே என் மடியிலிருந்த போமை எட்டிப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒன்பதாம் கேள்வி எங்கே இருக்கிறது, ஓமுக்கு எத்தனை எழுத்து, இல்லைக்கு எத்தனை எழுத்து என்று என் மேசையிலேயே படித்தவன். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, உங்கட பேனை எங்களுக்கு மட்டுந்தான் உண்மை எழுதுமா?"

மற்றப் பக்கம் இருந்த இவர், டொக்டரிடம் காட்டப் போத்தலைத் தா என்று என்னைப் பார்க்காமல் கையை நீட்டினார். போத்தலைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இல்லையை வெட்டினேன், ஓம் என்று எழுதினேன், மருந்தின் பெயரையும் எழுதினேன். உள்ளே அதே லேடி டொக்டர். கொழும்பு டொக்டரின் புதுக் கடிதம் வரும்வரை கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். வந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருதரம் சோதனை, தூரப் பயணத்தில் துணைக்கு இன்னொரு சாரதி. மூன்று மாதம் எங்கள் லொறியை ஃபாறூக் ஓட்டினான். இவர் பக்கத்து சீற்றில் இருந்து குறை சொன்னார். கடிதம் வந்த பிறகு சான்றிதழும் வந்தது. அதை நீட்டும்போது டொக்டர் பழைய போமைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கையெழுத்து நல்ல வடிவு அம்மா, அந்த வெட்டின இடத்திலதான் கொஞ்சம் நடுங்கியிருக்கு."

மற்றவன் போமில் உண்மையை எழுத ஒரு பேனை போதும், சொந்தப் போமில் எழுதுவதற்குப் பக்கத்து வாங்கில் ஒரு ஃபாறூக்கும் இருக்க வேண்டும்.