புத்தூர் டாக்டர் அண்ணனைக் கேட்ட கேள்வி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: புத்தூர் டாக்டர், அப்பா, அம்மா, ஒன்பதாவது படித்த அண்ணன், அவனைவிட இரண்டு வயது இளையவளான நான். வீட்டில் தனியாக விட முடியாதென்று என்னையும் கூட்டி வந்திருந்தார்கள்.

அண்ணனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சமயபுரத்தில் மொட்டை போட்டும் அடங்கவில்லை. டாக்டரும் கைவிரித்துவிட்டால் படிப்பை நிறுத்தி அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் சேர்ப்பதென்று அப்பா முடிவு கட்டியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிப் புத்தூர் வந்து சேர்ந்தோம்.

"பையனுக்கு என்னங்க?" என்றார் டாக்டர்.

வீட்டில் அவனைக் கரித்துக்கொட்டாத நாளில்லை. அதற்காக வெளியாள் முன்னால் அம்மா பிள்ளையை விட்டுக்கொடுப்பாளா?

"ஒண்ணும் இல்லைங்க. ரொம்ப சமத்து."

அப்பாவும் தலையாட்டினார். பரோட்டா ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட அண்ணன் சிலைபோல் இருந்தான்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுப்பா."

"அவன் சின்னப் பையங்க, அவனைப் போய்..." என்று அப்பா இழுத்தார்.

"தலை அவனோடதுதானேங்க?"

அண்ணன் மெல்ல ஆரம்பித்தான். "வாத்தியார் ஒரு வரி சொல்றதுக்குள்ள ஜன்னல்ல காக்கா வந்துடுது டாக்டர். திரும்பிப் பார்த்தா பாடம் எங்கேயோ போயிடுது. எனக்கும் உட்காரணும்னுதான் இருக்கு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது திமிரும் இல்லை, மக்குத்தனமும் இல்லை" என்றார் டாக்டர். " கவனம் ஓரிடத்துல நிக்காது, அவ்வளவுதான். அடிச்சா நின்னுடாது. கொஞ்சம் படிக்கட்டும், கொஞ்சம் ஓடட்டும், மறுபடி படிக்கட்டும். ஸ்கூலை மட்டும் நிறுத்திடாதீங்க."

"சேச்சே, அந்தப் பேச்சே இல்லைங்க" என்றார் அப்பா, பட்டறை என்ற சொல்லையே கேள்விப்படாதவர் போல.

இதையெல்லாம் திரும்பும்போது அண்ணன் சொல்லித்தான் நான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்; அறையில் என் கண்ணெல்லாம் டாக்டர் தலைக்கு மேல் ஆடிய ஃபேனில்தான் இருந்தது. கிளம்பும் நேரத்தில் டாக்டர் என்னிடம், "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டிருக்கிறார்.

"அந்த ஃபேன் உங்க தலையில விழுந்துடுமா டாக்டர்?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த தடவை இவளையும் காட்டுங்க" என்றார்.

"இவளுக்கு என்னங்க? இருக்கிற இடமே தெரியாது!"

அன்று அம்மா மனசாரச் சொன்ன பாராட்டு அது ஒன்றுதான். பஸ்ஸில் வழி நெடுக அதை நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் காலேஜ் வரை போனான். என்னை டாக்டரிடம் காட்டவே இல்லை; பாடம் மனசில் நிற்காமல் நான் எட்டாவதோடு நின்றேன். அடக்கமான பெண்தானே, யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. டாக்டர் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கும் அப்போது புரியவில்லை.