வாசலில் நின்ற தாத்தியா

தாத்தியா செய்த குற்றம் இதுதான்: முதல் மழை விழுந்ததும் தன் நிலத்தை உழுது கோதுமை விதைத்தாள். யாரும் விதைக்கக் கூடாது என்று சபை முடிவெடுத்திருந்த வருஷத்தில் விதைத்துவிட்டாள். அதற்காக அவளுக்கு நாங்கள் செய்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நாங்கள் என்றுதான் சொல்கிறேன், அதில் நானும் உண்டு.

ரோமர் ஆட்சிக்கு உட்பட்ட பிரிகியா மலைநாட்டில் எங்கள் ஊர்; ஊர் முழுக்கச் சபையார்தான். தாய்தெய்வத்துக்குப் பலியிட்ட கறியை இனித் தொடமாட்டேன் என்று சொல்லி அவள் ஞானஸ்நானம் எடுத்த நாளோடு, பிறந்த ஊரில் இருந்த அண்ணன்மார் அவளை நல்லது கெட்டதுக்கு அழைப்பதை விட்டார்கள். பிள்ளை இல்லை. புருஷனும் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் ஒற்றைத் தட்டு. ஞாயிறு விடியலில் சபையார் அப்பம் பிட்கும்போது மட்டுந்தான் அவள் நாலு பேரோடு சேர்ந்து சாப்பிட்டாள். அந்த மேசையை விட்டால் அவளுக்கு வேறு சொந்தம் கிடையாது.

எங்கள் மூப்பர் மெனோகெனிஸ் கனவு கண்டார். அடுத்த அறுவடைக்குள் ஆண்டவர் மேகத்தில் திரும்பி வந்துவிடுவார், அதோடு இந்த உலகம் முடியும் என்று சபை நடுவில் எழுந்து சொன்னார். நாங்கள் அழுதேவிட்டோம். சாவதற்குள் அவரைப் பார்த்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்த முதல் தலைமுறை மண்ணுக்குள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. எங்களுக்காவது வாய்த்ததே என்ற சந்தோஷத்தில் நான் என் காளைகளைப் பக்கத்து ஊர்க்காரனுக்கு ஓட்டிக் கொடுத்துவிட்டேன். விதைப்பவனுக்கு விசுவாசம் இல்லை என்றார் மூப்பர்.

தாத்தியா உழுகிறாள் என்று கேள்விப்பட்டு எல்லோரும் அவள் வயலுக்குப் போனோம்.

“ஏம்மா, ஆண்டவர் வருவாருங்கிற நம்பிக்க ஒனக்கு இல்லியா?” என்று கேட்டார் மூப்பர்.

“இல்லேன்னு யாரு சொன்னா? இன்னிக்கே வரட்டும். நான் கலப்பையும் கையுமா நின்னா அவருக்கு ஆகாதா?”

“அப்புறம் யாருக்கும்மா இந்த வெள்ளாம?”

“தெரியல மூப்பரே. நல்ல நெலத்தத் தரிசாப் போட மனசு வரல.”

“மேகத்துல வர்றவருக்கு ரொட்டி சுட்டுக் குடுக்கப் போறியாக்கா?” என்று ஒரு குரல் கேலி செய்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரல் என்னுடையது.

“குடுப்பேண்டா. பசியோட வந்தாருன்னா நீ என்னத்தக் குடுப்ப?” என்று சொல்லிவிட்டு அவள் மாட்டை அதட்டினாள்.

அந்த ஞாயிறே அவளை வாசலில் நிறுத்தினார்கள். பெரிய பாவம் செய்தவர்கள் சபைக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் ‘எனக்காக மன்றாடுங்கள்’ என்று கெஞ்ச வேண்டும். மூன்று வருஷத்துக்கு அப்பமும் கிடையாது, திராட்சரசமும் கிடையாது. விபசாரம் பண்ணினவர்களுக்கும், அதிகாரிக்குப் பயந்து சிலைக்குப் பலியிட்டவர்களுக்கும் வைத்த தண்டனை அது. கோதுமை விதைத்தவளுக்குக் கொடுத்தோமே, எங்களுக்கு என்ன கேடு!

அறுவடை வந்தது. ஆண்டவர் வரவில்லை. எங்கள் நிலமெல்லாம் முள். அவள் நிலத்தில் மட்டும் கதிர். கொஞ்சமும் கூசாமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். மூப்பரும் வந்தார். அவள் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அவரவர் வீட்டில் எத்தனை வாய் என்று கேட்டுக் கேட்டு அள்ளிப் போட்டாள்.

“ஒங் கையால ஆண்டவர் எங்களப் போஷிக்கிறாரும்மா” என்றார் மூப்பர்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நான் உள்ள வரலாமா மூப்பரே?”

“அது வேற, இது வேற. சபை சொன்னத மீறினது மீறினதுதான். மூணு வருஷம் முடியட்டும்.”

இப்படிச் சொல்லிவிட்டு அந்த மனுஷர் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். அடுத்த ஞாயிறு மேசையில் இருந்த அப்பம் அவள் கோதுமையில் சுட்டது. ஊரில் வேறு கோதுமை ஏது? உள்ளே உட்கார்ந்து நாங்கள் தின்றோம், அவள் வெளியே நின்றாள்.

மழைக்காலம் நெருங்கியதும், கணக்கு ஒரு வருஷம் பிசகிவிட்டது, வரும் அறுவடைக்குள் நிச்சயம் என்றார் மூப்பர். எல்லோரும் ஆமென் சொன்னோம். முதல் மழை பெய்த மறுநாள் நான் இரவல் மாட்டோடு வயலுக்குப் போனால், ஊரே உழுதுகொண்டிருக்கிறது! மூப்பரின் வயலில் அவர் மருமகன் ஏர் பிடித்துக்கொண்டிருந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இந்த முறை ஒருவரைக்கூட வாசலில் நிறுத்தவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மூப்பர் வீட்டுக்கே போனேன். “இப்ப எல்லாருமே உழுதாச்சு. இன்னும் அந்தக்கா மட்டும் எதுக்கு வெளிய நிக்கணும்? உள்ள கூப்பிடுங்க.”

“கூப்பிட்டா, அன்னிக்கு நாம செஞ்சது தப்புன்னு ஆயிடும்ல?” என்றார். “இத சபையில எழுந்து சொல்ல நீ தயாரா?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

ஞாயிறு விடியலில் மழை கொட்டியது. முக்காடு நனைய அவள் வாசலில் நின்றிருந்தாள். “எனக்காக மன்றாடுங்க தம்பி” என்றாள்.

“சரிக்கா” என்று சொல்லிவிட்டு, அவளைத் தாண்டி உள்ளே போனேன்.