நூல் கையில் இருந்தபோது

தூண்டில் முள்ளில் இறகையும் பட்டு நூலையும் சுற்றிப் பூச்சி போலக் கட்டி மீனை ஏமாற்றுவது வெள்ளைக்காரன் ஊர் வித்தை. நான் கட்டுவது அதிலும் நூற்றைம்பது, இருநூறு வருஷத்துப் பழைய மாதிரிகள். ஜவ்வாது மலையில் இருப்பதென்னவோ கெண்டையும் ஜிலேபியும். மண்புழுவுக்கு வாய் திறக்கிற அவை என் பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ட்ராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவனுக்குப் பொழுது போக வேண்டாமா?

பழைய மாதிரிகளில் பாதிக்கு நம் காட்டுச்சேவலின் புள்ளி போட்ட கழுத்து இறகு வேண்டும். அந்தச் சேவல் எங்கள் வேலிக்குப் பின்னாலேயே கூவும். அதன் இறகைத் தொட்டால் வனத்துறை கேஸ். அதனால் வீட்டுச்சேவல் இறகில் என் மனைவியின் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துக்கொள்வேன்.

அந்தக் காலத்தில் முள்ளைப் பிடிக்க இடுக்கி கிடையாது. இடது கை விரல்களால் பிடித்தபடியே கட்டினார்கள். நானும் அப்படித்தான் கட்டுவேன் என்று பிடிவாதம். நூலை விட்டால் அத்தனையும் பிரிந்துவிடும். நடுவில் முடிச்சுப் போட்டு நிறுத்தலாம்தான், ஆனால் அந்த இடம் லேசாகத் தடித்துத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும்.

இதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நான் கட்டும்போது யாரும் கூப்பிடக் கூடாது. அதைக் கறாராகக் காத்தவள் என் மனைவிதான். யாராவது தேடி வந்தால், "நூலு கையில கீது, அப்புறம் வாங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவாள்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். ஐந்து நிற இழைகளைக் கோத்துச் செய்த இறக்கையை முள்மேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. பிறகு கனமாக ஒரு சத்தம். பூனை என்று நினைத்தேன். இல்லை, பூனை என்று நினைத்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை.

கடைசி முடிச்சைப் போட்டு வெளியே வந்தபோது பன்னிரண்டரை. அவள் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது, என் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி நிலத்திலிருந்து வரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மலையிறங்கி அமிர்தி வழியாக வேலூர் போனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. எனக்குப் பயமோ அழுகையோ வரவில்லை. முள்ளைப் பிடித்து மரத்துப்போன இரண்டு விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வேலூரில் குடியிருக்கும் எங்கள் மகள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள். உள்ளே டாக்டர் அவசரமாகக் கேட்டார்.

"எப்பங்க ஆரம்பிச்சது? கரெக்டா சொல்லுங்க. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி போடலாம். அதுக்கு மேல போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சிடும்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி. பன்னிரண்டரை என்று சொல்லியிருந்தால் மகளிடம் தப்பித்திருப்பேன், அவள் அம்மா செத்தும் போயிருக்கலாம்.

"பத்து மணிங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க. விழுந்த சத்தம் கேட்டுச்சு."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி நேரம் ஆயிடுச்சே" என்று உள்ளே போனார். ஊசி போடவில்லை. வலது பக்கமும் பேச்சும் போனது, இன்னும் திரும்பவில்லை.

மகள் என் முகத்தையே பார்த்தாள். "சத்தம் கேட்டுச்சா? அப்புறம் ஏம்பா எழுந்துக்கல?"

"நூலு கையில இருந்துச்சிம்மா."

வெட்கமாக இருந்தது. அதுகூட எங்கோ தள்ளி, வேறு யாருக்கோ நடப்பதைப் போலத்தான் இருந்தது. அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. நர்ஸ் மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். மகள் குறுக்கே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"அவர்கிட்ட குடுக்காதீங்க" என்றாள். "இன்னா வேணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க."