ராட்டையில் குறையில்லை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கொசு அக்கா என்று பெயர். குத்தியது தெரிவதற்குள் வேலை முடிந்துவிடும். மற்றவர்கள் கையை விரித்துவிட்ட நரம்பையெல்லாம் இடது கை விரல் நுனியால் தடவியே இருபத்திரண்டு வருஷமாகக் கண்டுபிடித்து வருகிறவள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்ததா?

நாத்தனார் நச்சரித்ததால்தான் ஞாயிற்றுக்கிழமை நூற்பு வகுப்புக்குப் போனாள். பத்து ராட்டைகள், பத்துப் பெண்கள், மூக்கில் ஏறும் பஞ்சு. வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை பஞ்சுத் திரியைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். மூன்றாவது வாரமே நாத்தனார் நீளமாக நூல் இழுத்தாள். அக்காவுக்கு மட்டும் முழத்துக்கொரு தடவை அறுந்தது.

"ராட்டை சரியில்ல," என்றாள்.

சொல்லிக்கொடுக்கும் பெண் சக்கரத்தின் கயிற்றை மாற்றினாள். நூல் சுற்றும் கதிர் கோணலோ என்று அதையும் மாற்றினாள். அப்போதும் அறுந்தது. பிறகு அதே ராட்டையில் தானே உட்கார்ந்து, பேசிக்கொண்டே நூற்றுக் காட்டினாள்.

"நூலையே பாக்காதீங்க. கண்ண மூடிக்கங்க. நூல் மெலிஞ்சா விரலே சொல்லும்."

மூடிக்கொண்டு இழுத்தாள். இந்தத் தடவை அறுந்ததாகவே தெரியவில்லை. கை தோளுக்கு மேலே போயிற்று. அப்பாடா என்றிருந்தது. வகுப்பே பேச்சை நிறுத்தியிருந்ததை அப்புறம்தான் கவனித்தாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக. "கையில ஒண்ணுமில்ல."

திரி எப்போதோ நழுவி மடியில் விழுந்திருந்தது. இரண்டு விரல்கள் மட்டும் வெறுமனே கிள்ளிக்கொண்டிருந்தன.

"டாக்டர்கிட்ட காட்டிடலாம் அண்ணி."

"தூக்கக் கலக்கம், வேறென்ன," என்று சிரித்து மழுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் கொதிக்கும் பாத்திரத்தில் அந்த விரல்களை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. டாக்டரிடம் போனால் முதலில் கையிலிருக்கும் ஊசியைத்தான் பிடுங்குவார்கள். ஊசி போய்விட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக ஒரு தையல்காரர் வந்தார். வேறெங்கோ நாலு தடவை குத்தி நீலம் பாரித்த கை.

"நீங்க இருக்கீங்கன்னுதான் இங்க வந்தேன்," என்று நிம்மதியாகக் கையை நீட்டினார்.

தடவினாள். அழுத்தினாள். நரம்பு இருக்கட்டும், தோல்கூட விரலுக்குத் தட்டுப்படவில்லை.

"கிடைச்சுதா அக்கா?"

"கிடைச்சுது," என்று சொல்லி ஊசியின் மூடியைக் கழற்றினாள்.