கம்பெனி கேட்டில் நடந்த வகுப்பு

பள்ளி மூடியிருந்த வருடம் பாடமெல்லாம் போனில் நடந்தது. எங்கள் வீட்டில் அப்பாவிடம் மட்டும்தான் போன் இருந்தது. அவர் பாகலூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் காலையில் அதைக் கேட்டில் ஒப்படைத்துவிடுவார். நான் பிளஸ் டூ. என் வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் போன் அங்கே சும்மா கிடந்தது.

ஒருநாள் அப்பா என்னையும் அழைத்துப் போய், செக்யூரிட்டி அக்காவிடம், "பாப்பா இங்கயே உக்காந்து படிச்சிக்கட்டும்மா, போனை அதுகிட்ட குடுங்க" என்றார்.

"மேனேஜர் பாத்தா என் வேலை போயிடும்ணா." சற்று யோசித்துவிட்டு அவரே, "அந்தப் புங்க மரத்தடியில உக்காரட்டும், கேமராவுல தெரியாது" என்றார்.

லாரி போகும்போதெல்லாம் ஆசிரியர் குரல் கேட்காது. சில நாளில் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் வந்தாள். அவள் அம்மாவுக்கும் அதே கம்பெனிதான், ஆனால் வைத்திருந்தது பட்டன் போன். ஹெட்செட்டை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டோம். எனக்குப் புரியாத கணக்கை அவள்தான் சொல்லித் தருவாள்.

கடைசியில் மேனேஜர் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து வரக்கூடாது என்றார். அப்பா தவணையில் எனக்கு ஒரு போன் எடுத்துக் கொடுத்தார். அவள் அம்மாவால் முடியவில்லை. பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. சூளகிரிப் பக்கம் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். நான் கிருஷ்ணகிரியில் கல்லூரி சேர்ந்தேன், கணக்குப் பாடம் எடுக்கவில்லை.