ஜுனைதீன் நானா தீட்டிய கத்திகள்

ஜுனைதீன் நானா சாணை பிடித்த கத்தி பட்டால் தேயிலைக் கொப்பு சத்தமில்லாமல் விழும் என்பார்கள் லயத்து வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்கள். தோட்டத்தில் கவ்வாத்து தொடங்குமுன் ஹட்டனிலிருந்து சாக்கோடு வருவார். வீடுவீடாகக் கவ்வாத்துக் கத்திகளை வாங்கிப் போய்த் தீட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். மாறிப்போகாமலிருக்க அவரவர் பிடியில் ஓர் அடையாளம் வெட்டியிருக்கும். லயத்துக் கந்தப்பனுடையதில் ஒரு சூலம். அதைத் துடைத்துவிட்டுத்தான் நானா கத்தியைச் சாணையில் வைப்பார்.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த வருஷமும் சாக்கு நிறைந்துதான் இருந்தது. முஸ்லிம் வீடுகளைச் சோதித்து வந்த பொலிஸ் அதை அவர் வீட்டு முற்றத்தில் கொட்டியது. கூட வந்த கமராக்காரன் கிட்டப் போய் எடுத்தான், தள்ளி நின்று எடுத்தான், மறுபடியும் கிட்டப் போனான். "தோட்டத்துக் கத்தி, மஹத்தயா" என்று நானா சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். செய்தியில் அது ஆயுதக் குவியலாகிவிட்டது. பாவிகள், பிடியிலிருந்த சூலம்கூடவா கண்ணில் படவில்லை?

டீவி பார்த்த கந்தப்பன் கண்ணில் பட்டது. மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பொலிசுக்குப் போய், "இதெல்லாம் எங்க கத்திங்க" என்றான். விசாரித்துவிட்டு நானாவைக் கத்திகளோடு விட்டுவிட்டார்கள். அதை எந்தச் செய்தியிலும் சொல்லவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். டீவியின் வாயை மூட எதைக் கொண்டுபோவது?

தீட்டி முடித்து லயத்துக்கு வந்தார் நானா. கதவைப் பாதி திறந்து கத்தியை வாங்கிக்கொண்டு சாத்தினார்கள். பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் குடும்பக் கதை முழுவதையும் அவரிடம் கொட்டுகிறவர்கள்தான். கடைசியாகக் கந்தப்பன் வீடு. அவன் மலையில் வேலைக்குப் போயிருந்தான். பெண்சாதி தனலெட்சுமி சூலக் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "உட்காருங்க நானா" என்று பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த ஒரு வீடாவது தன்னை மறக்கவில்லை என்று நினைத்தார்.

அவர் குடித்து முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க நானா. டீவியில ரொம்பக் காட்டுனாங்களே. எங்க கத்தி போக மிச்சம் யாருதுங்க?"

"மிச்சம் ஏதும் இல்ல தங்கச்சி. எல்லாம் ஒங்க கத்திதான்."

"இல்லங்க, கண்ணால பாத்தேனே."

நானா கோப்பையைக் கீழே வைத்தார். வெறும் சாக்கை எடுத்து அதன் வாயை விரித்துப் பிடித்தார். வேண்டாம் நானா என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நம்பினார்.

தனலெட்சுமி குனிந்து உள்ளே பார்த்தாள். முற்றத்தில் பொலிஸ் கொட்டியபோதுகூட அழாத மனுஷன், அங்கேதான் அழுதார்.