கெலிஓயாக் கடையில் என் பெயர்

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போகிற நாளில் கேக் வெட்டுவார்கள். அந்தக் கேக்கை அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவருடைய கணினிக் கணக்கை நான் மூடிவிட வேண்டும். டொரொண்டோவில் எனக்கு வாய்த்த உத்தியோகம் அது: யார் எந்தத் தகவலுக்குள் போகலாம் என்று திறப்பதும் பூட்டுவதும். போன மாதம் லிண்டா ஓய்வுபெற்றார். கேக் தட்டோடு என் மேசைக்கு வந்து, பேரப்பிள்ளையின் படமொன்றைக் கணினியிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். அதற்குள் பூட்டியாயிற்று. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான்தான் என் பங்குக் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நம்மூரில் ஒருவரை வழியனுப்பினால் பஸ் வளைவில் மறையும்வரையாவது நிற்போமே.

நான் ஊரைவிட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் என் கணக்கை யாரும் பூட்டவில்லை. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள கெலிஓயாவில் அக்காவும் மச்சானும் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார்கள். பேராதனையில் படிப்பு முடித்த கையோடு அந்தக் கடைக்கு பில் போடவும் சரக்கிருப்புப் பார்க்கவும் ஒரு மென்பொருளை எழுதிக் கொடுத்தேன். பழக்கிக் காட்ட என் பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். பிறகு விமானம் ஏறிவிட்டேன். இன்றுவரை கடையில் யாரும் தனக்கென்று வேறு கணக்குக் கேட்டதில்லை. யார் கடை திறந்தாலும் என் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்துத்தான் வியாபாரம் தொடங்கும்; ஒவ்வொரு பில்லிலும் என் பெயர்தான் விழும். காசு வாங்கும் நஸ்ரினா என்னை நேரில் பார்த்ததே இல்லை. ஒருமுறை போனில் சொன்னாள்: "ஒங்கட பேர அடிக்காம எனக்கு நாள் தொடங்காது நானா." அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன்.

இங்கே நான் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது அங்கே பின்னேர வியாபாரம். போனைத் திறந்தால் விற்பனை ஒவ்வொன்றாக மேலேறும். தறப்பாளும் கூரைக்குப் பூசும் தாரும் விற்றால் கெலிஓயாவில் மழை. வண்ண பல்ப் மாலைகள் போனால் வெசாக் பண்டிகை நெருங்குகிறது. வெகுநேரம் ஒன்றுமே விற்காவிட்டால் என்னவோ ஏதோ என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். ஒரு வார்த்தை தமிழ் பேசாமல் கழிகிற நாட்களில் அந்தத் திரைதான் எனக்குத் துணை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் இதை என் மேலாளர் டேவிட்டிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்படியானால் நீ அங்கேயும் வேலை செய்கிறாயா?"

"இல்லை."

"பங்குதாரரா?"

"இல்லை. அக்காவின் கடை."

அவர் முகம் மாறிவிட்டது. "இது பெரிய பாதுகாப்புக் கோளாறு. உடனே உன் அக்காவை எச்சரி" என்றார். நான் உறவைச் சொன்னேன், அவருக்கு ஓட்டைதான் தெரிந்தது.

போன வாரம் அக்கா அழைத்தாள். குரல் சரியில்லை. தொழில் திணைக்களத்திலிருந்து ஒரு அதிகாரி மாத்தயா சோதனைக்கு வந்திருந்தாராம்.

"பில் எல்லாத்தையும் பாத்துட்டு, 'சிவகுமார் கோ?'ன்னு கேட்டாரு தம்பி. ஆள் எங்கன்னு கேக்குறாரு. கனடாவுலன்னு சொன்னேன். கனடாவுல இருக்கவன் எப்படி கெலிஓயாவுல பில் போடுவான்னு சத்தம் போடுறாரு."

பௌர்ணமிப் போயா விடுமுறையில்கூட லீவு போடாமல், திறந்ததிலிருந்து மூடும்வரை உழைக்கிற ஒருவனைக் கடைக்காரர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அவனுக்கு ஓய்வுக்காலச் சேமலாப நிதியும் கட்டவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். திரும்ப வருவாராம். அதற்குள் ஒழுங்காகாவிட்டால் வழக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"மச்சான் பயந்து போயிருக்காரு. ஆளாளுக்கு வேற வேற பேர் போட்டுக் குடு. ஒன் பேர எடுத்துரு."

"சரிக்கா."

"எனக்கும் தெரியும்டா, எடுக்கத்தான் வேணும். ஆனா நீ கடைக்குள்ள இருக்க மாதிரியே இருந்துச்சு."

சனிக்கிழமை காலை தேநீரோடு உட்கார்ந்தேன். அக்காவுக்கும் மச்சானுக்கும் நஸ்ரினாவுக்கும் தனித்தனிக் கணக்குத் திறந்தேன். கடைசியில் என் பெயர். லிண்டாவுக்குச் செய்த அதே வேலைதான், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இன்றைக்குக் கை வரவில்லை.

விலகிய தேதி என்ன என்று திரை கேட்டது. கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய தேதியை அடித்தேன். ஏற்கவில்லை. அதற்குப் பிறகும் இந்த ஊழியர் பில் போட்டிருக்கிறார், கடைசி பில்லுக்கு முந்திய தேதி செல்லாது என்றது. யாரும் ஏமாற்றக்கூடாது என்று அந்த விதியை எழுதியவன் நான்தான். வேறு வழியில்லாமல் இன்றைய தேதியை அடித்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அக்காவை அழைத்து, முடிந்தது என்றேன். "சரி தம்பி, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

கடையின் கணக்குப்படி நான் கெலிஓயாவை விட்டு வந்தது இன்றைக்குத்தான். புதிதாக வந்திறங்கியவனைப் போல ஜன்னலோரம் நின்றேன். பழக்கதோஷத்தில் போனைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்டது; பூட்டிய கணக்குக்கு இனி எந்தப் பாஸ்வேர்டும் செல்லாது. அங்கே மழை பெய்கிறதா என்று தெரியவில்லை.